உதட்டுப்பிளவுடன் பிறந்த குழந்தையா? ஆபரேஷனுக்கு முன் இதயத்தையும் பாருங்க!

மதுரை:

உதடு பிளந்து பிறக்கும் குழந்தையைப் பார்த்ததும் வீட்டில் எல்லோர் கண்ணும் அந்த உதட்டிலேயே நின்றுவிடுகிறது. எப்போ தையல் போடுவாங்க, தழும்பு தெரியுமா, நாளைக்கு பேச்சு ஒழுங்கா வருமா என்பதுதான் கவலை. ஆனால் வெளியே தெரியும் பிளவைவிட, உள்ளே தெரியாமல் இருக்கும் இதய ஓட்டைதான் சில பச்சிளம் குழந்தைகளின் உயிருக்கு உலை வைக்கிறது.

உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவுடன் பிறக்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இதயம், காது, கண், சிறுநீரகம், கை-கால் என்று வேறு இடங்களிலும் பிறவிக் கோளாறு இருப்பது உண்டு. இதில் இதயக் கோளாறு முக்கியமானது. உதட்டு ஆபரேஷனுக்கு தேதி வாங்குவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கண்டுபிடிக்காமல் விட்டால்தான் ஆபத்து.

பயப்படத் தேவையில்லை. உதட்டுப்பிளவு உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு வேறு எந்தக் கோளாறும் இருப்பதில்லை. ஆனால் "நம்ம குழந்தைக்கு இல்லை" என்பதை பரிசோதனை செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொல்லக்கூடாது.

700 பேரில் ஒன்று

உலக அளவில் 700 முதல் 1,000 குழந்தைகள் பிறந்தால் அதில் ஒன்று உதட்டுப்பிளவு அல்லது அண்ணப்பிளவுடன் பிறக்கிறது. பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளில் இது அபூர்வமான விஷயம் இல்லை.

இதில் 3 வகை உண்டு. சில குழந்தைகளுக்கு மேல் உதடு மட்டும் பிளந்திருக்கும். சிலருக்கு உதட்டோடு சேர்ந்து வாயின் மேல்கூரையான அண்ணமும் பிளந்திருக்கும். இன்னும் சிலருக்கு உதடு நன்றாக இருக்கும், அண்ணம் மட்டும் பிளந்திருக்கும்.

இந்த மூன்றாவது வகைதான் ஏமாற்றும். முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பால் கொடுத்தால் மூக்கு வழியாக வரும். அப்போதுதான் சந்தேகம் வரும். அதனால்தான் பிறந்த உடனேயே குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடித்து, உள்நாக்கு வரை பார்க்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது மட்டும் போதாது. பின்பக்கம் உள்ள சின்னப் பிளவு விரலுக்குத் தப்பிவிடும்.

உதட்டுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

உதடு முகத்தில் இருக்கிறது, இதயம் நெஞ்சில் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எல்லோருக்கும் வரும்.

கரு உருவான 3-வது வாரத்தில் இருந்து 8-வது வாரத்துக்குள் குழந்தையின் இதயம் உருவாகி முடிந்துவிடுகிறது. உதடு உருவாவது 4-வது வாரத்தில் இருந்து 7-வது வாரத்துக்குள். அண்ணம் 6-வது வாரத்தில் இருந்து 9-வது வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது மூன்று வேலையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடக்கிறது. பல பெண்களுக்கு தாங்கள் கர்ப்பம் என்று உறுதியாவதே இந்தக் காலத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. கருவின் முதுகுப்பக்கம் உருவாகும் ஒருவகை செல்கள் அங்கிருந்து நகர்ந்து போய் முகத்தின் எலும்பு, தசைநார்களை உருவாக்குகின்றன. அதே வகை செல்களில் ஒரு பகுதி இதயத்துக்குப் போய், அதில் இருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்களைப் பிரித்துக் கட்டுகின்றன.

ஒரே கொத்தனார் செட் இரண்டு வீட்டில் வேலை பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் குறைந்தாலோ, வேலை தப்பாகப் போனாலோ இரண்டு வீட்டுச் சுவரிலும் விரிசல் விழ வாய்ப்பு இருக்கிறது. ஒரு வீட்டில் விரிசலைப் பார்த்தால் அடுத்த வீட்டையும் போய்ப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பொதுவாக 100 குழந்தைகள் பிறந்தால் அதில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு பிறவி இதயக் கோளாறு இருக்கும். பிளவுடன் பிறக்கும் குழந்தைகளில் இது பல மடங்கு அதிகம்.

உதட்டுப்பிளவு உள்ள குழந்தைகளில் (அண்ணம் சேர்ந்திருந்தாலும்) 100-ல் சுமார் 30 பேருக்கு உடலில் வேறு ஏதாவது ஒரு கோளாறும் சேர்ந்து இருக்கிறது. அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகளில் இது பாதி அளவுக்குப் போகிறது. உதடு மட்டும் லேசாகப் பிளந்திருந்தால் ஆபத்து மிகக் குறைவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முகத்தில் பெரிதாகத் தெரியும் உதட்டுப்பிளவைப் பார்த்து குடும்பமே பதறுகிறது. முகத்தில் ஒன்றுமே தெரியாத அண்ணப்பிளவை "பால் குடிக்கத் தெரியலை" என்று சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். உள் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் உள்ளது இந்த இரண்டாவது குழந்தைக்குத்தான்.

என்னென்ன இதயக் கோளாறு?

இதயத்துக்கு 4 அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் சுவர். அந்தச் சுவரில் ஓட்டை இருப்பதுதான் அதிகமாகக் காணப்படும் கோளாறு. மேல் அறைச் சுவரிலும் இருக்கலாம், கீழ் அறைச் சுவரிலும் இருக்கலாம்.

அடுத்தது, பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருந்துவிடுவது.

இன்னொன்று கொஞ்சம் கடுமையானது. சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைப்பு என்று 4 கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து வரும். இந்தக் குழந்தைகள் அழும்போது உதடும் நாக்கும் நீலமாகிவிடும். 'நீலக் குழந்தை' என்று சொல்வது இதைத்தான்.

எல்லா ஓட்டைக்கும் ஆபரேஷன் தேவையில்லை. சின்ன ஓட்டைகள் பல, குழந்தை வளர வளர தானாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றை தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக சின்ன குழாய் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலேயே அடைத்துவிடலாம். பெரிய ஓட்டைக்குத்தான் இதய ஆபரேஷன். எது எந்த வகை என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"வாய் பிளந்திருக்கு, அதான் குடிக்கலை"

தாய்மார்கள் இந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் கூல்டிரிங்ஸ் ஏறாது அல்லவா, அது மாதிரி. அதனால் பால் குடிக்கத் திணறுவதும், எடை ஏறாமல் இருப்பதும் இந்தக் குழந்தைகளிடம் சகஜம். இதயக் கோளாறு உள்ள குழந்தையும் இதேமாதிரிதான் பால் குடிக்கத் திணறும், எடை ஏறாது.

இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் "வாய் பிளந்திருக்கு, அதான் குடிக்கலை. ஆபரேஷன் ஆனா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் போனால், "எடை பத்தாது, தேத்திக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் எடை ஏறாது. ஏன் என்றால் கோளாறு வாயில் மட்டும் இல்லை. இப்படியே மாதக்கணக்கில் ஓடிவிடும். அதற்குள் பெரிய ஓட்டை நுரையீரலையும் கெடுக்க ஆரம்பித்துவிடும்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

பிளவு மட்டும் உள்ள குழந்தைக்கு சங்கு அல்லது பாலாடையில், உட்கார்ந்த வாக்கில் தூக்கிப் பிடித்து பால் கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் குடிக்கும். தாய்ப்பாலைப் பீய்ச்சி இப்படிக் கொடுக்கலாம். குடித்த பிறகு எடையும் ஏறும். பிறந்து முதல் 2 வாரம் தாண்டிய பிறகு தினமும் 20 முதல் 30 கிராம் வரை எடை கூட வேண்டும். உதடு மட்டும் பிளந்த குழந்தைகளில் பலர் நேரடியாகவே தாய்ப்பால் குடிப்பார்கள்.

சரியான முறையில் கொடுத்தும் கீழே உள்ள அறிகுறிகள் இருந்தால் இதயத்தைச் சந்தேகப்பட வேண்டும்:

* பால் குடிக்கும்போது நெற்றி, தலை எல்லாம் வியர்த்துக் கொட்டுவது.

* கொஞ்சம் குடித்ததும் களைத்துப்போய் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது.

* தூங்கும்போது எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விடுவது. (2 மாதம் தாண்டிய குழந்தைக்கு 50 தடவை.)

* மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது.

* அழும்போது நாக்கும் வாயின் உட்புறமும் நீலமாவது. குளிரில் கை-கால் மட்டும் நீலமாவது வேறு. நாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

* அடிக்கடி சளி பிடித்து நிமோனியா வரை போவது.

அழுது அழுது திடீரென்று குழந்தை நீலம் பாரித்துத் துவண்டால், ஒருக்களித்துப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது.

"பிறந்தப்போ நார்மல்னு சொன்னாங்களே?"

பிறந்த அன்று டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து நார்மல் என்று சொல்லியிருக்கலாம். அது பொய் இல்லை. ஆனால் அதுவே கடைசித் தீர்ப்பும் இல்லை.

பிறந்த சில நாட்களுக்கு குழந்தையின் நுரையீரலில் ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கும். அதனால் ஓட்டை வழியாக ரத்தம் பாய்வது குறைவு. சத்தமும் கேட்காது. சில வாரம் கழித்து நுரையீரல் அழுத்தம் குறைந்த பிறகுதான் ரத்தம் வேகமாகப் பாய்ந்து 'முர்முர்' என்கிற சத்தம் கேட்கும். குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

எனவே பிளவு உள்ள குழந்தையை 6 வாரத்தில் தடுப்பூசி போடப் போகும்போது மறுபடியும் இதயத்தைக் கேட்கச் சொல்ல வேண்டும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு வலது கையிலும் ஒரு காலிலும் சின்ன கிளிப் மாதிரி கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கலாம். கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த கருவி மாதிரிதான். குழந்தைக்குத் தகுந்த அளவில் இருக்கும். 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் அதிகம் இருந்தாலோ மேல் பரிசோதனை தேவை. ஆனால் இது கடுமையான கோளாறுகளைத்தான் பிடிக்கும். சாதாரண ஓட்டை இதில் தெரியாமல் போகலாம்.

எக்கோ ஸ்கேன் என்றால் என்ன?

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் பார்க்கும் ஸ்கேன் மாதிரிதான் 'எக்கோ'. நெஞ்சில் ஜெல் தடவி கருவியை வைத்துப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பது எல்லாம் டி.வி. மாதிரி திரையில் தெரியும்.

குழந்தை அழுதால் படம் சரியாக வராது. பால் கொடுத்துத் தூங்க வைத்து அழைத்துப் போவது நல்லது.

ஆபரேஷனில் என்ன ஆபத்து?

உதட்டுப்பிளவு ஆபரேஷன் இன்று பாதுகாப்பாக நடக்கும் ஆபரேஷன். ஆனால் அதற்கு மயக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டும். இதயக் கோளாறு இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் மயக்க டாக்டர் அதற்கு ஏற்ற மருந்தை, ஏற்ற அளவில் கொடுப்பார். தெரியாவிட்டால் மேஜையில் வைத்து ரத்த அழுத்தம் இறங்கலாம், குழந்தை நீலமாகலாம்.

குளுக்கோஸ் ஏற்றும் குழாயில் இருக்கும் சின்ன காற்றுக் குமிழியைக்கூட கவனிக்க வேண்டும். சாதாரண குழந்தைக்கு அது நுரையீரலில் வடிகட்டப்பட்டுவிடும். சில வகை இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு ஓட்டை வழியாக நேராக மூளைக்குப் போய்விடும் அபாயம் உண்டு.

வாய் என்பது கிருமிகள் குடியிருக்கும் இடம். அண்ணத்தில் கத்தி வைக்கும்போது கிருமி ரத்தத்தில் கலக்கும். கடுமையான இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது இதயத்தின் உள்சவ்வில் போய் ஒட்டி நோய் உண்டாக்கலாம். அதைத் தடுக்க ஆபரேஷனுக்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் பல் பிடுங்கப் போனாலும் இதய நோய் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

எது முதலில்?

உதட்டு ஆபரேஷனை பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் செய்கிறார்கள். டாக்டர்களிடம் '10-10-10' என்ற பழைய கணக்கு ஒன்று உண்டு. குழந்தைக்கு 10 வாரம் ஆகியிருக்க வேண்டும், எடை 10 பவுண்டு அதாவது சுமார் 4½ கிலோ இருக்க வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் இருக்க வேண்டும். அண்ணத்தை 9 மாதத்தில் இருந்து ஒன்றரை வயதுக்குள், பேச்சு நன்றாக வருவதற்கு முன் மூடிவிடுவார்கள்.

இதயத்தில் சின்ன ஓட்டை இருந்தால் உதட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியது இல்லை. பெரிய ஓட்டையாக இருந்து மூச்சு வாங்கினால் முதலில் இதயம், பிறகுதான் உதடு. "கல்யாணம் காட்சிக்கு தூக்கிட்டுப் போகணும், முகத்தை முதல்ல சரி பண்ணுங்க" என்று டாக்டரை அவசரப்படுத்தக்கூடாது. உதடு சில மாதம் காத்திருக்கும். இதயம் காத்திருக்காது.

காது, கண், தாடை

இதயத்தோடு வேலை முடியவில்லை. உடம்பு முழுவதும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

காது: அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். வலி இருக்காது. ஆனால் காது மந்தமாகிவிடும். காது கேட்காத குழந்தைக்கு அண்ணத்தைத் தைத்தாலும் பேச்சு தெளிவாக வராது. பிறந்த உடனும், அதன் பிறகு அவ்வப்போதும் காது பரிசோதனை அவசியம்.

தாடை: சில குழந்தைகளுக்கு கீழ்த்தாடை மிகச் சிறியதாக, பின்னால் தள்ளி இருக்கும். நாக்கு தொண்டைக்குள் சரிந்து மூச்சை அடைக்கும். பிரான்ஸ் டாக்டர் பியர் ரோபின் 1923-ல் எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படும் கோளாறு இது. இந்தக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தால் மூச்சு திணறும். எப்படிப் படுக்கவைப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இவர்களில் சிலருக்கு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வையும் சேர்ந்து வரும். கவனிக்காவிட்டால் விழித்திரை கிழிந்து பார்வை போகும். எனவே கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

கை-கால்: 6 விரல், வளைந்த பாதம் போன்றவை இருந்தால் உள் உறுப்புகளையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அடையாளம். வயிற்று ஸ்கேன் எடுத்து சிறுநீரகத்தையும் பார்ப்பார்கள்.

கீழ் உதடு: கீழ் உதட்டில் சின்னதாக இரண்டு குழி இருந்தால் அது பரம்பரையாக வரும் வகை. அப்பா அல்லது அம்மா உதட்டிலும் அதே குழி இருக்கலாம். இந்த வகையில் அடுத்தடுத்த குழந்தைகளுக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

22-வது குரோமோசோம்

உதடு நன்றாக இருந்து, அண்ணம் மட்டும் பிளந்து, இதயத்திலும் கோளாறு இருந்தால் டாக்டர்கள் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். 22-வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கான பரிசோதனை அது. சுமார் 4 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதயக் கோளாறும் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? நிறைய இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம். அதை "சீர் தட்டிருச்சு" என்று மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக்கூடாது. நோய் எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கலாம். அதனால் ரத்தம் ஏற்றுவதிலும், சில தடுப்பூசிகளிலும் தனிக் கவனம் தேவை. தொண்டைப் பக்கம் போகும் பெரிய ரத்தக்குழாய் இடம் மாறி இருக்கலாம். தொண்டையில் ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கிரகணம் காரணமா?

"கிரகணத்துல வெளியே வந்திருப்பே", "கத்தி எடுத்து காய் நறுக்கியிருப்பே" என்று பிள்ளை பெற்ற பெண்ணை வீட்டில் குத்திக்காட்டுவது இன்றும் நடக்கிறது. கிரகணத்துக்கும் உதட்டுப்பிளவுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே கிரகணம்தான். ஆனால் பிளவு வருவது 700 பேரில் ஒன்றுக்குத்தான்.

உண்மையான காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பரம்பரை, சத்துக்குறைவு, மருந்து என்று பல சேர்ந்து வருகிறது. சில வகை வலிப்பு மாத்திரைகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், சிகரெட், மது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, இதயக் கோளாறுக்கும் ஒரு காரணம். சொந்தத்தில் கல்யாணம் செய்வது நம் ஊரில் அதிகம். மாமன் மகள், அக்காள் மகளைக் கட்டுவதால் சில பிறவிக் கோளாறுகளின் வாய்ப்பு கூடுகிறது.

வலிப்பு நோய் உள்ள பெண்கள் பயந்துபோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் சொன்னால் பாதுகாப்பான மாத்திரைக்கு மாற்றித் தருவார்.

பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் முதல் குழந்தைக்கு மட்டும் இருந்து, வேறு பரம்பரைக் கோளாறும் இல்லை என்றால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100-ல் 3 முதல் 5 வரைதான். அதாவது 95 பேருக்கு மேல் நன்றாகவே பிறப்பார்கள். கர்ப்பத்துக்கு முன்பே போலிக் ஆசிட் மாத்திரை தொடங்குவது நல்லது. எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார்.

வயிற்றிலேயே பார்க்கலாமா?

5-வது மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் உதட்டுப்பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் தெரிவது கஷ்டம். ஸ்கேனில் உதட்டுப்பிளவு தெரிந்தால் வயிற்றுக் குழந்தையின் இதயத்துக்கு என்று தனியாக எக்கோ எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இதயத்திலும் கோளாறு என்றால் சின்ன ஊரில் பிரசவம் பார்க்காமல், குழந்தை டாக்டர்கள் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு அவகாசம் கிடைக்கும்.

எங்கே போவது? எவ்வளவு செலவு?

பணம் இல்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

'ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம்' என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இதில் வருவார்கள். உதட்டுப்பிளவு, பிறவி இதயக் கோளாறு, காது கேளாமை, வளைந்த பாதம் எல்லாமே இந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளன. இதன் டாக்டர் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசு பள்ளிகளுக்கும் வரும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார நர்சிடமோ சொன்னால் 'டி.இ.ஐ.சி.' என்ற மாவட்ட மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். இதயம், காது, பேச்சு என்று எங்கெங்கே காட்ட வேண்டும் என்பதை அங்கே வழிகாட்டுவார்கள்.

ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் போய் பதிவு செய்துகொள்ளலாம். குழந்தை பிறந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் வேலையை உடனே முடித்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் அலைச்சல் வரும்.

1999-ல் தொடங்கப்பட்ட 'ஸ்மைல் டிரெயின்' அமைப்பும் பல ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து பிளவு ஆபரேஷனை இலவசமாகச் செய்ய உதவுகிறது. ஏ.ஆர்.ரகுமான் 2009-ல் ஆஸ்கார் விருது வாங்கிய அதே மேடையில், 'ஸ்மைல் பிங்கி' என்ற குறும்படமும் ஆஸ்கார் வாங்கியது. உத்தரபிரதேச கிராமத்தில் உதட்டுப்பிளவால் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த ஒரு சிறுமிக்கு இலவச ஆபரேஷன் நடந்த கதை அது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நின்றால் பாதிப்பேருக்கு கேட்க நினைத்தது மறந்துவிடும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம்.

1. அண்ணத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டீர்களா? உதடு மட்டுமா, உள்ளேயும் பிளவு இருக்கிறதா?

2. என் குழந்தைக்கு எக்கோ எடுக்க வேண்டுமா? எப்போது?

3. எடை சரியாக ஏறுகிறதா? ஏறாததற்கு பிளவு மட்டும்தான் காரணமா?

4. காது, கண், சிறுநீரகம் பரிசோதனை எப்போது?

5. வேறு கோளாறும் சேர்ந்து இருந்தால் எந்த ஆபரேஷன் முதலில்? பரம்பரை பரிசோதனை தேவையா?

எக்கோ ரிப்போர்ட், எடை அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்துக்கொண்டு, எந்த டாக்டரிடம் போனாலும் முழுசாகக் காட்ட வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டருக்கு இதய விஷயம் தெரிய வேண்டும், இதய டாக்டருக்கு அண்ண விஷயம் தெரிய வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் செய்தியைக் கொண்டு போவது பெற்றோர்தான்.

உதட்டில் போடும் தையலின் தழும்பு வருஷம் போகப்போக மங்கிவிடும். அந்தக் குழந்தை ஓடி விளையாட வேண்டும் என்றால் இதயம் நன்றாக இருக்க வேண்டும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.